ஒரு சிலிண்டரைத் தேடி ஓஷ்கோஷ் வரை

முதல் நாள், வெள்ளி: பாப்ளர் குரோவ், இலினாய்

காலை ஆறரைக்கு சிகாகோ பக்கத்து அரோராவிலிருந்து கிளம்பிவிட்டோம். பின்சீட்டில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றிய சிலிண்டர். பக்கத்தில் அண்ணன் மகன். கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான், மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். அண்ணன் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், அதனால் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மைக்ரோமீட்டர் பிடிக்கப் பழகியவன். அவன் மடியில் புளிசாதப் பொட்டலம்.

சிலிண்டர் யாருடையது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் 1946-ஆம் வருடத்து ஏரோங்கா சாம்பியன் விமானம் இருக்கிறது. முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கைகள், துணி போர்த்திய உடம்பு. எஞ்சின் கான்டினென்டல் ஏ-65. நாலு சிலிண்டர், பக்கத்துக்கு இரண்டு, 2300 சுற்றில் 65 குதிரைத் திறன். பேட்டரி கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்பவேண்டும். இந்த விமானத்துக்கு மெக்கானிக் நான். வருடாந்திரச் சோதனை முடித்து லாக்புக்கில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அவர் பறக்கலாம்.

இந்த மே மாதம் போட முடியவில்லை. 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்திப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டர் 46 தான் காட்டியது. எக்ஸாஸ்ட் குழாயில் காதை வைத்தால் உஸ்ஸென்று சத்தம். இந்தச் சத்தம் எங்கே கேட்கிறது என்பதுதான் முக்கியம்: கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் பிரீதரில் கேட்டால் ரிங், எக்ஸாஸ்டில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கழற்றிப் பார்த்தேன். வால்வு சீட்டிலிருந்து மேல் ஸ்பார்க் பிளக் துளை வரைக்கும் முடி மாதிரி ஒரு விரிசல். அதே இடத்தில் முன்னொரு காலத்தில் வெல்டிங் செய்த தடமும் இருந்தது. இன்னொரு முறை அதை வெல்டு செய்து ஒருவரை உட்காரவைத்து மேலே அனுப்ப எனக்கு மனசு வராது.

சரி, சிலிண்டர் ஒன்று. அதோடு ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தருகிற கருவியான மேக்னெட்டோவில், இடதுபக்கத்ததன் இம்பல்ஸ் கப்ளிங் தேய்ந்திருக்கிறது, கார்புரேட்டரின் ஊசி ஒழுகுகிறது. ஆக மூன்று சாமான்.

பாப்ளர் குரோவ் ஒரு நல்ல இடம். வீட்டு வாசலில் கார் நிற்பதுபோலப் பின்பக்கம் விமானம் நிற்கிறது. அங்கே பழைய எஞ்சின்களைப் பிரித்துச் சேர்க்கிற ஒரு பட்டறையில் இரண்டு மணி நேரம் நின்றோம். அலமாரியில் சிலிண்டர்களின் ஃபின்னில், அதாவது சூடு தணிக்கும் தகட்டு விளிம்புகளில், ஆரஞ்சு, நீலம் என்று வண்ணப் பட்டைகள். பையன் கேட்டான், "இது என்ன கலருங்க சித்தப்பா, அழகுக்கா?"

அழகுக்கு இல்லை கண்ணு. ஆரஞ்சு என்றால் உள்சுவரில் குரோம் பூசியது, நீலம் என்றால் நைட்ரைடு செய்து கடினமாக்கியது. குரோம் சிலிண்டருக்குள் குரோம் பிஸ்டன் ரிங் போடக்கூடாது, வார்ப்பிரும்பு ரிங்தான் போடவேண்டும். சாதா எஃகுக்கும் நைட்ரைடுக்கும் குரோம் ரிங் ஆகும். மாற்றிப் போட்டால் ரிங் சுவரோடு பழகவே பழகாது, ஆயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும், சுவரிலும் கீறல் விழும்.

அவர்களிடம் எங்களுக்கு ஆகிற சிலிண்டர் இப்போதைக்கு இல்லை. ஆனால் நாளைக்குப் பிராட்ஹெட்டில் யாரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பழைய எஞ்சின் உலகத்தில் பாதி சாமான் இப்படித்தான் கிடைக்கிறது, ஒருவர் வாய்வழியாக அடுத்தவரிடம்.

இரண்டாம் நாள், சனி: பிராட்ஹெட், விஸ்கான்சின்

வழியெல்லாம் சோளம். சிவப்புக் கொட்டகை, சைலோ, மறுபடியும் சோளம். பிராட்ஹெட் விமான நிலையத்தில் தார் ஓடுபாதையே கிடையாது, மூன்றும் புல்தரை. ஓஷ்கோஷ் விமான விழாவுக்கு முந்தைய வார இறுதியில் பீட்டன்போல் ஏர் கேம்பர் வைத்திருப்பவர்கள் எல்லாம் இங்கே கூடுவார்கள். பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் மினசோட்டாவில் 1920-களின் கடைசியில் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினை வைத்துப் பறக்கவிட்ட விமானம் அது. இன்றைக்கும் வீட்டிலேயே மரத்தில் கட்டுகிறார்கள், கார் எஞ்சினுக்குப் பதில் பலர் மாட்டுவது இதே ஏ-65. அதனால்தான் இங்கே வந்தோம்.

ஓரமாக ஓர் ஏரோங்கா சீஃப் நின்றது. அதைப் பார்த்ததும் நான் கொஞ்ச நேரம் நகரவில்லை. நம் நாட்டில் எச்.ஏ.எல். செய்த புஷ்பக் இதே சாயல்தான். 1958-இல் முதலில் பறந்தது, நூற்றைம்பதுக்கு மேல் செய்தார்கள், ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே அதில்தான் பறக்கக் கற்றது. மீனம்பாக்கத்தில் நான் ஸ்பேனர் தூக்கப் பழகியதும் புஷ்பக்கில்தான். எங்கள் மேஸ்திரி எந்தப் பார்ட் வந்தாலும் முதலில் பேப்பரைப் பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் ஓரத்தைத் தடவுவார், அப்புறம்தான் பேப்பர் கேட்பார்.

"அப்ப புஷ்பக் சிலிண்டர் ஒண்ணு கொண்டுவந்திருக்கலாமேங்க?" என்றான் பையன். ஆகாது. புஷ்பக்கில் இருப்பது சி-90, உள்விட்டம் 4.0625 அங்குலம். ஏ-65 அதற்குச் சின்னது, 3.875. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதே 3.875-இல் ஏ-75 என்று ஒன்று உண்டு, ஆனால் அது 2600 சுற்றில் ஓடுகிற எஞ்சின், உள்ளே சில சாமான் வேறு. ஆகவே "கான்டினென்டல் சிலிண்டர்" என்று கேட்டு வாங்குவதில் அர்த்தமே இல்லை. பார்ட் நம்பரைச் சொல்லிக் கேட்கவேண்டும், அந்த நம்பர் நம் எஞ்சினின் பார்ட்ஸ் புத்தகத்தில் இருக்கவேண்டும்.

மத்தியானம், பாப்ளர் குரோவில் பார்க்கச் சொல்லி அனுப்பிய பெரியவர் தன் வண்டிக்குப் பின்னால் எங்களை வரச்சொல்லித் தன் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். எண்பதைத் தாண்டியவர். முன்பு மாடு கட்டியிருந்த இடத்தில் இப்போது எஞ்சின்கள். காபி டப்பா ஒவ்வொன்றிலும் ஒரே வகைச் சாமான், டப்பா மேல் பென்சிலால் நம்பர், எந்த விமானத்திலிருந்து எந்த வருடம் கழற்றியது என்ற விவரம். நாற்பது வருடமாக ஒரு டப்பா தவறாமல் எழுதி வைத்திருக்கிறார்.

முதலில் இம்பல்ஸ் கப்ளிங். எங்களுடையது ஐஸ்மன் மேக்னெட்டோ. கையால் புரொப்பெல்லரைச் சுழற்றும் வேகத்தில் மேக்னெட்டோ சரியான பொறி தராது. அதற்காகக் கப்ளிங்குக்குள் ஒரு ஸ்பிரிங் முறுக்கேறி நின்று, சரியான இடம் வந்ததும் டக்கென்று விடும். அந்த ஒரு கணம் மேக்னெட்டோ வேகமாகச் சுழன்று பொறி அடிக்கும், கொஞ்சம் தாமதித்தும் அடிக்கும், இல்லாவிட்டால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்துக் கையைப் பதம் பார்த்துவிடும். பெரியவரிடம் இரண்டு கப்ளிங் இருந்தன. ஒன்றில் ஸ்பிரிங் துருப்பிடித்துப் புள்ளி விழுந்திருந்தது. ஸ்பிரிங்கில் துருப்புள்ளி என்றால் முறிவு அங்கேதான் தொடங்கும். மற்றதில் கொக்கிகள் எங்களுடையதைவிடத் தேய்ந்திருந்தன. இரண்டும் வேண்டாம் என்றேன். அவரே ஒப்புக்கொண்டு டப்பாவில் சிவப்பு டேக் கட்டிவிட்டார்.

அப்புறம் ஒரு சாக்கை விலக்கி சிலிண்டர் ஒன்றை எடுத்தார். கரி படிந்தது, கிரீஸ் காய்ந்து தேன் நிறத்தில் ஒட்டியிருந்தது. டேக் எதுவும் கிடையாது. ஆனால் கூடவே ஒரு லாக்புக்கின் நகல். எந்த எஞ்சினிலிருந்து வந்தது, எத்தனை மணி நேரம் ஓடியது, விமானம் தரையில் கவிழ்ந்ததால் எஞ்சினைப் பிரித்தார்கள் என்பது வரை எழுதியிருந்தது. ஃபின் ஒன்றும் உடையவில்லை, வெல்டிங் தடம் இல்லை, பட்டை இல்லாத சாதா எஃகு. பையன் டெலஸ்கோப் கேஜை எடுத்தான். மேலே, நடுவில், அடியில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கே இரண்டு அளவு, மொத்தம் ஆறு. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுத்து நோட்டில் எழுதினான். அடியில் கிட்டத்தட்ட புதுசு. மேலே, ரிங் வந்து திரும்புகிற இடத்தில் மட்டும் ஆயிரத்தில் இரண்டு பங்கு அங்குலம் தேய்ந்திருக்கிறது. கையேட்டின் வரம்புக்குள்தான்.

டேக் இல்லாத சாமானை மாட்டலாமா என்று பலர் கேட்பார்கள். மாட்டலாம். பழைய பார்ட் ஒன்றைப் பொருத்துகிற மெக்கானிக், அது அந்த எஞ்சினின் அங்கீகரிக்கப்பட்ட பார்ட்தானா, நல்ல நிலையில் இருக்கிறதா என்று தானே சோதித்து உறுதி செய்யவேண்டும், அவ்வளவுதான் அமெரிக்கச் சட்டம். டேக் அந்த வேலையில் ஓர் உதவி. மஞ்சள் டேக் கட்டியிருந்தால் நல்ல சாமான், பச்சை என்றால் பழுது பார்த்தால் ஆகும், சிவப்பு என்றால் கழித்தது. இது பட்டறை வழக்கம். மஞ்சள் அட்டை கடையில் யாருக்கும் கிடைக்கும்.

விலை பேசினோம். விரிசல் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவரே சொன்னார். பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள், ஞாயிறு: ஓஷ்கோஷ்

இரண்டு மணி நேரப் பயணம், கூடாரம் போட மூன்று மணி நேரம். சாயங்காலம் முழுக்க வானத்தைப் பார்த்தபடி இருந்தோம். ரிப்பன் ஊரிலிருந்து ஃபிஸ்க் வரை ரயில் தண்டவாளத்தைப் பிடித்து ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் வருகின்றன. கீழே இருக்கிற கட்டுப்பாட்டாளர்கள் விமானத்தின் நிறத்தையும் வகையையும் சொல்லி "இறக்கையை ஆட்டு" என்கிறார்கள், அது ஆட்டுகிறது, அடுத்தது வருகிறது. வாரம் முழுவதும் சேர்த்துப் பத்தாயிரம் விமானங்கள் வருகிற இடம் இது. 1970-லிருந்து இந்த விழா இங்கேதான். பையன் பேசவே இல்லை.

நாலாம் நாள், திங்கள்: ஓஷ்கோஷ், ஃப்ளை மார்க்கெட்

காலையிலேயே பழைய சாமான் கூடாரத்துக்குப் போய்விட்டோம். முதல் நாள் போகிறவனுக்குத்தான் நல்லது கிடைக்கும்.

முதலில் போல்ட் தொட்டிகள். ஒரு கைப்பிடி அள்ளிப் பையன் கையில் கொடுத்துத் தலையைப் பார்க்கச் சொன்னேன். தலையில் நட்சத்திரம் மாதிரி குறுக்குக் கோடு இருந்தால் ஏ.என். வகை, விமானத்துக்கானது. நடுவிலிருந்து மூன்று கோடு விரிந்தால் கடையில் விற்கிற கிரேடு 5, ஆறு கோடு என்றால் கிரேடு 8. ஒரே தொட்டியில் மூன்றும் கலந்து கிடந்தன. "கிரேடு 8 தானுங்க சித்தப்பா ரொம்ப ஸ்ட்ராங்?" ஆமாம், ஏ.என். போல்ட் சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு, கிரேடு 8 போல்ட் 1,50,000. ஆனால் பலம் மட்டும் போதாது. அளவுக்கு மீறி இழுபட்டால் விமான போல்ட் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கடினமான போல்ட் சட்டென்று முறியும். தவிர, மரை இல்லாத பகுதியின் நீளமும் விட்டமும் ஏ.என். வகையில் துல்லியமாக இருக்கும். மேஸ்திரி இருந்திருந்தால் அந்தத் தொட்டியிலிருந்து ஒன்றையும் வாங்க விட்டிருக்கமாட்டார். நாங்களும் வாங்கவில்லை.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும். ஒரு மேசையில் பளபளவென்று ஏ-65 சிலிண்டர். ஃபின்னில் ஆரஞ்சு வண்ணம், மஞ்சள் டேக், அதில் "குரோம்" என்று தட்டச்சு, ஒரு கையெழுத்து. விலையும் மோசமில்லை. பெரியவரின் கரி படிந்த சிலிண்டரை வாங்கிவிட்டு இதை விட்டுவிட்டோமே என்று உண்மையிலேயே ஒரு நிமிடம் தோன்றியது. டேக்கில் இருந்த பார்ட் நம்பரையும் சிலிண்டரின் அடிவிளிம்பான ஃபிளாஞ்சில் அடித்திருந்த நம்பரையும் ஒப்பிட்டேன். கடைசி எழுத்து வேறு. விற்றவர், எழுதும்போது விட்டுப்போயிருக்கும் என்றார். இருக்கலாம்.

என் பையில் எப்போதும் ஒரு சின்னச் சீசா உண்டு, மயில்துத்தம் கரைத்த தண்ணீர். நம் ஊரில் மருந்துக்கடையிலும் கிடைக்கும், இங்கே மரவேர் அழிக்க விற்கிறார்கள். எஃகின்மேல் ஒரு சொட்டு வைத்தால் செம்பு படியும். குரோமின்மேல் படியாது. அனுமதி கேட்டுவிட்டு உள்சுவரின் அடி ஓரத்தில், பிஸ்டன் ரிங் போகாத இடத்தில், ஒரு சொட்டு வைத்தேன். முதலில் நீலமாகவே நின்றது. அரை நிமிடம் கூட ஆகியிருக்காது, சொட்டின் ஓரம் மங்கியது, பிறகு அடியிலிருந்து ரோஜா நிறம் எழும்பி, துடைத்தபோது புதுக் காசு மாதிரி செம்பு வட்டம். ரிங் ஓடுகிற இடத்தில் இன்னொரு சொட்டு வைத்தேன், அதுவும் அப்படியே. குரோம் பூசவே இல்லை, அல்லது அரைத்து எடுத்துவிட்டார்கள். ஆரஞ்சு வண்ணத்தை நம்பி வார்ப்பிரும்பு ரிங் போட்டு, தேய்மானத்தையும் குரோம் கணக்கில் பார்த்து ஒருவர் இதை ஓட்டியிருப்பார்.

சுவரைத் துடைத்து எண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டு, வட்டத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, தனக்கும் இப்படித்தான் வந்தது என்றார், டேக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சிலிண்டர் மேசையிலேயே இருந்தது. மத்தியானம் கூடார நிர்வாகிகளிடம் சொன்னோம், அவர்கள் வந்து எடுத்து உள்ளே வைத்தார்கள். அதைச் சொல்லாமல் வந்திருந்தால் எனக்கு இன்றிரவு தூக்கம் வந்திருக்காது.

இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தச் சிலிண்டரின் தலை, கண்ணாடி மணிகளை வீசியடித்துத் தேய்த்த பளபளப்பு. அலுமினியத்தில் அப்படிச் செய்தால் மெல்லிய விரிசலின் வாய் மூடிப்போகும், சோதனையில் தெரியாது. அழுக்காக இருப்பதை நான் பயப்படாமல் வாங்குவேன். பளபளப்பானதைத்தான் இரண்டு தடவை பார்ப்பேன்.

கார்புரேட்டர் ஊசி சுலபமாக முடிந்தது. ஸ்ட்ராம்பர்க் என்.ஏ.-எஸ்3ஏ1-க்கு ஊசியும் அதன் சீட்டும் ஜோடியாக, சீல் பிரிக்காமல், செய்தவர் பெயரும் எஃப்.ஏ.ஏ.-பி.எம்.ஏ. முத்திரையும் (அமெரிக்க விமானத் துறை கொடுத்த பார்ட் தயாரிப்பு அனுமதி) பார்ட் நம்பரும் அச்சிட்ட பையில். ஊசி மட்டும் வாங்காதீர்கள். ரப்பர் முனை, டெல்ரின் முனை, எஃகு முனை என்று வகைகள் உண்டு, சீட்டின் விளிம்பு அதற்கு ஒத்துவரவேண்டும். பக்கத்து மேசையில் 1950-களின் ஸ்டாக் என்று பிரிக்காத பெட்டியில் ஒரு ரப்பர் முனை ஊசி பாதி விலைக்கு இருந்தது. பிரிக்காதது என்பதற்காக ரப்பர் இளமையாக இருக்காது. பெட்டியில் ரப்பர் பதப்படுத்திய காலாண்டு அச்சாகியிருந்தது, மூன்றாம் காலாண்டு, 1953. எஃகு சாமான் என்றால் அந்த வயது ஒரு பொருட்டில்லை.

ஐந்தாம் நாள், செவ்வாய்: ஓஷ்கோஷ், மழை

சிவப்புக் கொட்டகைப் பக்கம், பழைய விமானக்காரர்கள் கூடுகிற கூடாரத்தில் மழைக்கு ஒதுங்கினோம். ஆசிரியரும் இன்று காரில் வந்து சேர்ந்துகொண்டார், மதிய உணவு பொரித்த சீஸ் கட்டிகள், மிச்சமிருந்த இட்லிப் பொடியைத் தொட்டுக்கொண்டு மூவரும் சாப்பிட்டோம்.

பையன் மூன்று நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டான். "கப்ளிங் கொக்கி என்னங்க சித்தப்பா பெரிய வேலை? வரைபடம் இருந்தா அப்பா பட்டறையில் ரெண்டு நாளில் செஞ்சிடலாம்." அவன் சொல்வது தப்பில்லை. சட்டத்திலும் அதற்கு வழி உண்டு: விமானத்தின் சொந்தக்காரர் தன் விமானத்துக்கு மட்டும் பார்ட் செய்துகொள்ளலாம். அவரே லேத்தில் நிற்கவேண்டும் என்பதில்லை. வரைபடமோ, உலோகமோ, செய்முறையோ, தரச் சோதனை முறையோ அவர் கொடுத்திருக்கவேண்டும், அல்லது கூட நின்று மேற்பார்த்திருக்கவேண்டும். விற்கக்கூடாது. ஆனால் கொக்கியின் வடிவத்தை மைக்ரோமீட்டர் சொல்லும், அது எந்த எஃகு, எவ்வளவு ஆழத்துக்குக் கடினமாக்கியது, என்ன வெப்பத்தில் பதம் வைத்தது என்பதைச் சொல்லாது. அந்த விவரம் எங்கள் கையில் இல்லை. கொக்கியிலிருந்து ஒரு துண்டு முறிந்து எஞ்சினின் பல் சக்கரங்களுக்குள் விழுந்தால் நடுவானில் எஞ்சின் நின்றுவிடும். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் முதலில் எஃகைச் சோதிக்கவேண்டும் என்றான். அதுதான் சரியான பதில்.

1980-க்கு முன் சான்றிதழ் பெற்ற சின்ன விமானங்களுக்காக 2022-இல் எஃப்.ஏ.ஏ. ஒரு திட்டம் கொண்டுவந்தது, வார்மா என்று பெயர். உடைந்தாலும் பத்திரமாக இறங்க முடிகிற வகைச் சாமான்களுக்கு மாற்று அங்கீகரிக்க எளிய வழி. பழைய விமானங்கள் உயிரோடு இருக்க இது பெரிய உதவி. இம்பல்ஸ் கப்ளிங்கை அந்த வரிசையில் நான் வைக்கமாட்டேன்.

ஏ-65-இன் சான்றிதழ் ஏட்டில் ஐஸ்மன் தவிர வேறு மேக்னெட்டோக்களுக்கும் அனுமதி உண்டு, சாமான் சுலபமாகக் கிடைக்கிறவையும் இருக்கின்றன. ஆசிரியரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அதோடுதான் நான் பறக்கக் கற்றேன், பழுது பார்க்க ஒரு வழி இருக்கும் வரை அதையே வைத்துக்கொள்வோமே" என்றார். மேக்னெட்டோ மட்டுமே பார்க்கிற ஒரு பட்டறைக்கு முழுதாக அனுப்புவது என்று முடிவு. மாதக்கணக்கில் ஆகும். ஆகட்டும்.

ஆறாம் நாள், புதன்: அரோரா

இரவே திரும்பிவிட்டோம். காலையில் ஹேங்கரில் பெரியவரின் சிலிண்டரை ரசாயனத்தில் ஊறவைத்துக் கரியை எடுத்தேன், கம்பி பிரஷ் போடவில்லை. பக்கத்தில் எங்கள் விரிசல் விட்ட சிலிண்டரையும் அதேபோல் சுத்தம் செய்து வைத்தேன், சோதனை வேலை செய்கிறதா என்று அது சொல்லும். இரண்டிலும் விரிசலுக்குள் இறங்குகிற சிவப்புச் சாயத்தை அடித்து இருபது நிமிடம் விட்டோம். துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளித்துவிட்டுக் காத்திருந்தோம்.

இரண்டாவது நிமிடத்திலேயே எங்களுடையதில் சீட்டிலிருந்து பிளக் துளை வரை சிவப்புக் கோடு இழுத்தது. பெரியவருடையது வெள்ளையாகவே இருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பையன் டார்ச்சை வைத்துப் பிளக் துளைகள், வால்வு சீட்டுகள், ஃபின்களின் அடி என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தான். ஒரு புள்ளி கூடக் கிளம்பவில்லை. எக்ஸாஸ்ட் வால்வு கைடு மட்டும் ஆடுகிறது, அதை மாற்றவேண்டும், திங்கட்கிழமை கொடுக்கிறேன்.

பெரியவருக்குப் போன் செய்து சொன்னோம். அந்த சீரியல் நம்பரை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். எந்த விமானத்துக்குப் போகிறது என்று டப்பாவில் எழுதவேண்டுமாம்.